தப்பை எனக்குக் கொடு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் கல்லூரிக்குப் புறப்படும்போது, கொரட்டூரில் என் வீட்டு வாசலில் கோவிந்தம்மா நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. வில்லிவாக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவள் பாதி வழியில் ரயிலை விட்டு இறங்கி வந்திருக்கிறாள். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

"கன்னியப்பன் அண்ணாத்தே பூட்டாரும்மா. நேத்து சாயங்காலம். பன்னெண்டு மணிக்கு எடுக்கறாங்க. ஒனக்கு ஆரும் சொல்லிகினு வரமாட்டாங்கன்னுதான் எறங்கினேன்."

எப்படி என்று கேட்டேன்.

"கட்டில்ல குந்திகினு இருந்தாராம். கை ஆடறது நின்னுபூட்ச்சாம். தூங்கறப்போதானே அது நிக்கும்? அசந்துட்டாருன்னு பட்டம்மா போத்திவுட்டு அடுப்பாண்ட போயிடுச்சாம்."

பட்டம்மா அவர் மனைவி. அரை மணி கழித்துக் காப்பி கொண்டுபோனபோதுதான் தெரிந்திருக்கிறது. கோவிந்தம்மா இதைச் சொல்லிவிட்டு, கம்பெனியில் தகவல் சொல்லவேண்டும் என்று அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

தொழிற்சாலையின் சக்கரப் பிரிவில் அவரோடு நின்றவர்கள், தங்கள் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். உங்களில் பலருக்கு என்னைவிட அவரை நன்றாகத் தெரியும். நான் அந்தத் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கியவள் அல்ல. புகழ்ந்து எழுதவும் எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது அவருடைய ஒரு பக்கம்தான். அதை நடந்தபடி எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், தொழிற்பேட்டையில் புதிய கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே முதல்முறை போனேன். கல்லூரியில் உளவியல் கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். ஒருவர் செய்த வேலை சரியா தப்பா என்ற பதில் அவருக்கு எவ்வளவு விரைவில் கிடைக்கவேண்டும், தாமதமானால் என்ன ஆகும் என்பது என் பொருள். ஒரு பெரிய கம்பெனிக்கு சைக்கிள் சக்கரம் கட்டித் தரும் சிறிய தொழிற்சாலை அது. பெண்கள் கம்பி கோர்த்து, ரிம்மைத் தாங்கியில் மாட்டிச் சுற்றி, கோணல் போகும்வரை கம்பிகளைத் திருகி, கோட்டம் எடுப்பார்கள். எடுத்த சக்கரம் கடைசி பெஞ்சில் நின்ற கன்னியப்பனிடம் போகும். அவர் செக்கர்.

அவர் சோதிக்கும் முறையை முதல் நாள் நெடுநேரம் பார்த்தேன். சக்கரத்தை ஒரு முறை சுற்றிவிடுவார். ரிம்முக்கு இருபுறமும் இருந்த இரண்டு ஊசிகளுக்கு நடுவே அது ஓடுவதைப் பார்ப்பார். நேராக ஓடினால் "போலாம்" என்பார். கோட்டம் இருந்தால் உள்ளங்கையால் நிறுத்தி, கோணிய இடத்தில் நகத்தால் ஒரு தட்டு. அவ்வளவுதான். திட்டுவதில்லை, பாராட்டுவதுமில்லை. கட்டியவளின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

"ஏன் ஒன்றும் சொல்வதில்லை?" என்று கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது? கோட்டம் சக்கரத்துலதானே கீது? அவ மூஞ்சில இன்னா இருக்கப்போவுது?"

பக்கத்து பெஞ்சிலிருந்து கோவிந்தம்மா குரல் கொடுத்தாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. "அவரு மூஞ்ச பாக்காத இருக்கறதே நல்லதும்மா. பாத்தா நாங்க பயந்துகினு கம்பி ஒடச்சிருவோம்."

கன்னியப்பன் கள்ளிக்குப்பத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருடைய தந்தை அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு உழைத்தவர். கொட்டகையின் தரையைக் காலால் தட்டிக் காட்டி, "எங்கப்பன் நாத்து நட்ட எடம் இது. இங்கயே நான் சக்கரம் சுத்திகினு கீறேன்" என்பார். சொல்லும்போது குரலில் பெருமையும் இருக்காது, வருத்தமும் இருக்காது.

என் சோதனைக்காக அவரிடம் ஓர் உதவி கேட்டேன். கோவிந்தம்மாவோடு நின்ற ஆறு பெண்களுக்கு இரண்டு வாரம் எந்தப் பதிலும் தரக்கூடாது. போலாம் என்று சொல்லக்கூடாது, தட்டக்கூடாது. சக்கரத்தைச் சோதித்துவிட்டு அப்படியே பின்னால் அடுக்கிவிடவேண்டும். பதில் கிடைக்காதவர்களின் கை தேறாது என்று காட்டுவதுதான் நோக்கம். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அந்த ஆறு பெண்களும் மற்றவர்களைப்போலவே தேறினார்கள். நான் படித்த எல்லாவற்றுக்கும் இது மாறாக இருந்தது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, எழுதுவதை நிறுத்திவிட்டு, அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது விளங்கியது. நல்ல சக்கரத்தை உடனே நிறுத்தி எடுத்துவிடுவார். கோணிய சக்கரத்தை இன்னும் இரண்டு சுற்று ஓடவிடுவார். பெஞ்சில் நிற்கிற பெண் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சக்கரம் ஓடும் சத்தமே போதும்.

கோபத்தோடு போய்க் கேட்டேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே சொன்னார்: "வாய மூட சொன்னே. மூடிக்கினேன். சக்கரத்த மூட சொல்லலியேம்மா."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு மாத உழைப்பைக் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து எனக்குப் பரீச்சையம்மா என்று பெயர். நான் பெயிலான பரீட்சை அது என்பதை யாரும் வெளியே சொல்லவில்லை.

வேண்டுமென்றே செய்தாரா என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். தெரியாது என்றார். "கை தானா பண்ணிகினு கீது. நான் இன்னா பண்றது?" அதை நான் நம்பினேன். நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய கை, வாய் மூடியிருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

ஆராய்ச்சி வேறொரு இடத்தில் வேறு விதமாக முடிந்தது. ஆனால் சனிக்கிழமை மத்தியானங்களில் நான் அங்கே போவது நிற்கவில்லை. போய் அவர் பெஞ்சுக்கு அருகில் ஒரு முக்காலியில் உட்காருவேன். என் படிப்பில் இருந்ததை அவரிடம் சொல்வேன். எலியின் மூளை ஆழத்தில் ஓர் இடத்தில் மெல்லிய கம்பியை வைத்து, ஒரு கட்டையை அழுத்தினால் அங்கே மின்சாரம் தட்டும்படி செய்தால், எலி சோறு தண்ணீரை மறந்து அதையே அழுத்திக்கொண்டிருக்கும் என்று ஒரு நாள் சொன்னேன். மூளையின் மேற்பரப்பில் அல்ல, அடியில், நடுவில்தான் "இது சரி, இதையே மறுபடி செய்" என்ற செய்தி போய்ச் சேருகிறது போலிருக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தை நிறுத்தினார். "அந்த எலிக்கு தப்பு சொல்றதுக்கு ஆரும் இல்லியா? அதான் செத்துகினு கீது."

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அவருடைய வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும்போது ஒன்றையொன்று உரசிக்கொள்வதைக் கவனித்தேன். பெண்கள் எனக்கு முன்பே பார்த்திருந்தார்கள். "இன்னா அண்ணாத்தே, எப்பப் பாத்தாலும் மூக்குப்பொடி எடுத்துகினே கீறே?" என்று கோவிந்தம்மா கேலி செய்துகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுக்குவாதம் இப்படித்தான் தொடங்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். மூளையின் அடியில் கறுப்பாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. இந்த வியாதியில் அந்தக் கறுப்பு வெளுத்துப்போகிறது. அங்கிருந்து மூளையின் மையத்துக்குப் போகவேண்டிய சரக்கு குறைந்துவிடுகிறது.

கன்னியப்பன் தம் தலையைத் தடவிக்கொண்டார். "முடி கறுப்பா கீது. உள்ள வெளுத்துபூட்ச்சா?"

டாக்டரே சிரித்துவிட்டார். திரும்பி வரும்போது ரயில் பெரம்பூர் தாண்டியிருந்தது. "ரிம்முல கோட்டம்னா கம்பிய திருகலாம். நடுவுலயே லூசுன்னா இன்னாம்மா பண்றது?" என்று கேட்டார். தெரியாது என்றுதான் சொன்னேன். அன்று அதுவாவது சரியாகச் சொன்னேன்.

வியாதியோடு இரண்டு ஆண்டுகள் அவர் பெஞ்சில் நின்றார். பழைய ரிம்மில் அவர் கண் தவறவே இல்லை. கை ஆடும், சக்கரத்தைத் தொட்டதும் ஆட்டம் அடங்கும். பிறகு பெரிய கம்பெனி ஒரு புதிய ரிம் கொண்டுவந்தது. மெல்லியது. ஊசிக்கும் ரிம்முக்கும் விடவேண்டிய இடைவெளி பழையதில் பாதிகூட இல்லை. பழக்கப்பட்ட கண்ணை எல்லோரும் புதிதாகப் பழக்கவேண்டியிருந்தது. பெண்கள் பழகிவிட்டார்கள். கன்னியப்பன் பழையபடியே போலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோணிய சக்கரங்கள் பெரிய கம்பெனியிலிருந்து, கோட்டம் என்று சீட்டுக் கட்டித் திரும்பி வந்தன.

மானேஜர் கெட்டவர் அல்ல. ஆயுத பூஜைவரை மூன்று மாதம் தந்தார். அதற்குள் புது ரிம்மைப் பிடித்துக்கொண்டால் பெஞ்சில் இருக்கலாம், இல்லாவிட்டால் கேட்டில் வாட்ச்மேன். சம்பளம் ஏறக்குறைய அதேதான். கன்னியப்பனுக்குச் சம்பளம் பிரச்சினை இல்லை. அவர் போலாம் என்று சொன்னால்தான் அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு சக்கரம் வெளியே போகும். அதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

என்னைச் சனிக்கிழமைகளில் வரச் சொன்னார். "நான் பாத்து சொல்றேன். நீ அளவுகோல வெச்சி பாத்து சரியா தப்பான்னு சொல்லு. பத்து வருசமா அதைத்தானே படிச்சிகினு கீறே?"

தொடங்கினோம். அவர் சொல்வார், நான் அளப்பேன். சரி என்பேன், தப்பு என்பேன். முதல் இரண்டு வாரம் தப்புகளே அதிகம். ஒவ்வொரு தப்புக்கும் அவருடைய கை சற்று அதிகமாக ஆடியது. மூன்றாவது வாரம் அவர் போலாம் என்று சொன்ன ஒரு கோணிய சக்கரத்துக்கு, இரக்கத்தால், சரி என்றேன். அதற்கடுத்து இன்னொன்றுக்கு. அதன்பிறகு அது எளிதாகிவிட்டது.

எனக்குத் தெரியாமல், பெண்களும் இதையே செய்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்த சக்கரங்களின் சீட்டைக் கேட்டிலேயே அவிழ்த்துக் கிழித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் கோவிந்தம்மா கோட்டத்தை எடுத்து, மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பிவிடுவாள். "இந்த வாரம் ஒண்ணுகூட திரும்பல அண்ணாத்தே" என்பாள். சில நாட்கள் அவருடைய நடை சற்று வேகமாக இருந்தது. எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அப்படி ஒரு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை அவர் ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டினார். சுற்றினார். அது ஊசியில் உரசியே ஓடியது. அளவுகோல் இல்லாமல் எனக்கே தெரிந்தது.

"போலாமா?" என்றார். முதல்முறையாக அவர் அதைக் கேள்வியாகக் கேட்டார்.

"போலாம்" என்றேன்.

அவர் சக்கரத்தை நிறுத்தினார். ஒரு கம்பியை விரலால் சுண்டினார். இறுக்கமான கம்பி மணிபோல ஒலிக்கும். இது செத்த சத்தம் போட்டது.

"இந்த கம்பிய காலையில நான்தான் லூசு பண்ணேன்."

கொட்டகையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"எத்தினி நாளாம்மா?"

நான் தலைகுனிந்து சொன்னேன். கோவிந்தம்மா எழுந்து வந்து சீட்டுகளைப் பற்றியும் சொன்னாள். அவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் அழவில்லை. அவர் அன்றுதான் குரலை உயர்த்தினார்.

"மூணு மாசம் குடுத்தாங்க. அதுல ஒரு மாசத்த துன்னுட்டீங்களே! எல்லாத்துக்கும் சரின்னா, எது சரின்னு எனிக்கு எப்டி தெரியும்? கை ஆடிச்சின்னா கண்ணு குருடா பூட்ச்சின்னு நெனச்சிகினீங்களா?"

பிறகு தாம் லூசு செய்த கம்பியைத் தாமே இறுக்கினார். போய்விடலாம் என்று நான் எழுந்தபோது சொன்னார்: "குந்துமா. இன்னும் ஒண்ணரை மாசம் கீது. இனிமே சரிய நீயே வெச்சிக்கோ. தப்ப மட்டும் எனிக்கு குடு."

அதன்பிறகு அப்படித்தான் செய்தோம். அவர் சரியாகச் சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை. தவறினால், நகத்தால் ரிம்மில் ஒரு தட்டு. அவருடைய தட்டைத்தான் அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். அவர் தேறத் தொடங்கினார். முன்பு நான் சரி என்று சொன்னதற்கு அடுத்த சக்கரத்தில் எந்த மாற்றமும் இருந்ததில்லை. அது அவருக்குள் எங்கும் போய்ச் சேராததுபோல் இருக்கும். தட்டுக்கு அடுத்த சக்கரத்தில் மாற்றம் இருந்தது. மூளையின் ஆழத்தில் சரியும் தப்பும் ஒரே வாசல் வழியாகப் போவதில்லையோ, இந்த வியாதி ஒரு வாசலை மட்டும் அடைத்துவிட்டதோ என்று அப்போது குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பை நான் எங்கும் வெளியிடவில்லை. ஒரே ஒரு மனிதர், சில வாரங்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மானேஜர் இருபது சக்கரம் வைத்துப் பார்த்தார். கன்னியப்பன் மூன்றில் தவறினார். ஒன்றுக்கு மேல் தவறக்கூடாது என்று பேச்சு. மானேஜர் தயங்கினார், இன்னும் ஒரு மாதம் தரலாம் என்றுகூட வாயெடுத்தார். கன்னியப்பன் தடுத்துவிட்டார். மறுநாள் தாங்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை கொடுத்து முடித்தபின், கம்பி இறுக்கும் சாவியை எடுத்துக் கோவிந்தம்மாவின் கையில் வைத்தார். "தப்புக்கு தட்டு. மூஞ்ச பாக்காத" என்றார். அந்தப் பிரிவில் செக்கராக நின்ற முதல் பெண் அவள்.

அந்த ஒரு மாதம் அவருக்குக் கிடைத்திருந்தால் பிடித்திருப்பாரா? ஒரு முறை அவரிடமே கேட்டேன். "ஆருக்கு தெரியும்? நீயே சொல்லுவியே, ஒரு ஆள வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டில் இருந்த இரண்டு ஆண்டுகளும், உள்ளே வந்த எந்த சைக்கிளையும் அவர் சும்மா விட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று. தபால்காரர் இதற்குப் பயந்து வண்டியை வெளியிலேயே சாத்திவிட்டு வருவார்.

அதன்பிறகு கள்ளிக்குப்பத்தில் வீட்டோடு இருந்தார். மாதம் ஒரு முறை போவேன். புதிய மாத்திரை வந்தது. கொஞ்ச நாள் கேட்டது. நடை சுருங்கியது, குரல் சிறுத்தது. கடைசியில் முகமும் நின்றுவிட்டது. சந்தோஷமா கோபமா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பிறர் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்ன மனிதருக்குத் தம் முகத்தில் ஒரு பதிலும் இல்லாமல் போனது. நான் என்ன பேசினாலும் அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் திரும்புவேன்.

கடைசி முறை போனபோது, பட்டம்மா கொண்டுவந்த தண்ணீர் டம்ளரை அவர் தம் கையாலேயே வாங்கி என்னிடம் நீட்டினார். அது என்னிடம் வருவதற்குள் பாதி பாயில் கொட்டியது. பிறகு என்னையே பார்த்தார். சரியா தப்பா என்று கேட்கிறார் என்று புரிந்தது. பரவாயில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தப்பு. பாதி கீழே போச்சு" என்றேன்.

அவர் முகம் அசையவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன். பட்டம்மா தரையைத் துடைத்தபடி, "சிரிக்கிறாரும்மா. மூஞ்சில தெரியாது. வயித்தப் பாரு" என்றாள். பார்த்தேன். வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது.

இதை எழுதி முடித்ததும் போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "அந்த சரி சொன்ன எடத்த இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன். இரக்கத்தால் என்ற சொல் வந்ததும், மேசை விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு.

"இங்க கோட்டம்."

"ஏன்? இரக்கம் இல்லையா?"

"எங்களுக்கு இரக்கம். ஒனக்கு பயம். அந்தாளு ஒன் முன்னாடி ஒடஞ்சி அழுதுட்டா இன்னா பண்றதுன்னு பயம். அதான் சரி சரின்னு சொல்லிகினே இருந்தே. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

அடிப்பதற்குப் பேனாவை எடுத்தேன்.

ஆனால் மேலே, இரக்கத்தால் என்ற அந்தச் சொல்லை அடிக்காமலே விட்டிருக்கிறேன். கோட்டம் எங்கே இருந்தது என்று அவரை அறிந்தவர்கள் பார்க்கட்டும். கன்னியப்பனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு தட்டுதான். அது இப்போது கோவிந்தம்மாவின் விரலில் இருக்கிறது. எனக்கு வேண்டும்போது அங்கே போய் வாங்கிக்கொள்கிறேன்.